புல்வெளியில் நிலம் பிடித்த குடும்பங்கள் ஊர் உறவுகளோடு எப்படித் தொடர்பில் இருந்தார்கள்? (நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா)

லிங்கன்வாசி

அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளியில் 1860களிலிருந்து 1900 வரை வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். நான் இருப்பது நெப்ராஸ்காவின் லிங்கன் நகரம். தெற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் பியாட்ரிஸ் என்று ஒரு சிற்றூர், அதன் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. அரசு நிலத்தைக் குடியேறிகளுக்குக் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே, அதாவது 1863 ஜனவரி 1 அன்று, டேனியல் ஃப்ரீமன் என்பவர் பதிந்த நிலம்தான் இப்போது பூங்கா.

சட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டார். ஒரு குடும்பத் தலைவருக்கோ 21 வயதான தனி ஆளுக்கோ 160 ஏக்கர். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் செய்து காட்டினால் பட்டா கிடைக்கும். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும்கூடத் தங்கள் பெயரில் பதியலாம், குடியுரிமைக்கு மனுப் போட்ட வெளிநாட்டுக்காரர்களும் பதியலாம். மொத்தத்தில் ஏறக்குறைய 16 லட்சம் பட்டாக்கள், 27 கோடி ஏக்கர்.

என்னை உறுத்துவது ஒன்று உண்டு. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே படம்தான்: ஒரு மனிதன், ஒரு கலப்பை, யார் தயவும் இல்லாமல் தன்னந்தனியாக நின்று ஜெயித்தான் என்று. ஆனால் அந்தக் குடும்பங்கள் எழுதிய கடிதங்களைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒஹாயோவில் இருக்கும் அண்ணன், நார்வேயில் இருக்கும் அம்மா, பென்சில்வேனியாவில் இருக்கும் சித்தி, இவர்கள் அனுப்பிய பணமும் விதையும் துணியும் தகவலும் இல்லாமல் அந்த ஐந்து வருடத்தைத் தாண்டியிருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தபால் எப்படிப் போனது, என்ன செலவானது, என்ன எழுதினார்கள், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொங்கு_வெள்ளாமை

நான் விவசாயி, அதனால் நேராகவே சொல்கிறேன், கடிதம் ஏர் ஓட்டாது. அந்த மண்ணை முதல் முறை உடைப்பது என்னவென்று யோசியுங்கள். ஆயிரக்கணக்கான வருடமாகக் கலப்பை படாத புல், வேர் பின்னிப் பிணைந்து பாய் மாதிரி கிடக்கும். சாதாரண மரக்கலப்பை வேலைக்கு ஆகாது, இரும்பு முனைகூட மண் ஒட்டி நின்றுவிடும், எஃகுக் கலப்பை வந்த பிறகுதான் அந்த மண் புரண்டது. முதல் வருடம் ஒரு குடும்பம் பத்துப் பதினைந்து ஏக்கர் உடைத்தாலே பெரிய விஷயம்.

மரம் கிடையாது. அந்தப் புல்தரையையே வேரோடு பட்டை பட்டையாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கித்தான் வீடு. சுவர் இரண்டு மூன்று அடி கனம். வெயிலுக்குக் குளுமை, குளிருக்குக் கதகதப்பு, சரி, ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை நின்ற பிறகும் ஒரு நாள் முழுக்க உள்ளே சேறாகச் சொட்டும். கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமல் இருக்க மஸ்லின் துணியைக் குறுக்கே இழுத்துக் கட்டுவார்கள். எரிக்க விறகு இல்லாததால் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கி வந்து, நாம் வறட்டி எரிப்பது போல எரித்தார்கள். அதுவும் தீர்ந்த பிறகு வைக்கோலை முறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டார்கள், ராத்திரி முழுக்க ஒரு ஆள் முறுக்கிக்கொண்டே உட்கார வேண்டும்.

இந்த நிலைமையில் பிரசவம் என்றாலும் தீப்பிடித்தாலும் ஓடி வந்தது பக்கத்து நிலத்துக்காரன்தான், ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் சித்தப்பா இல்லை.

அஞ்சல்_பிரியன்

தபால் செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அது என் துறை.

1845க்கு முன்னால் கடிதம் பணக்காரர் விஷயம். எத்தனை தாள், எத்தனை மைல் என்று கணக்குப் போட்டார்கள். 400 மைலுக்கு மேல் போகும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும், அதனால் யாரும் உறை போடவில்லை, கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து மேலே முகவரி எழுதினார்கள். பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கட்ட வேண்டும். காசில்லாதவர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. தாளை மிச்சம் பிடிக்க, ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்ததும் தாளை 90 பாகை திருப்பி அதே வரிகளின் மேல் குறுக்காக எழுதினார்கள். பழைய ஆவணங்களில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய உண்டு, முதலில் பார்க்கும்போது கூடை முடைந்த மாதிரி தெரியும், கண் பழகினால் படித்துவிடலாம்.

1845ல் சட்டம் மாறியது. எடைக்குக் கட்டணம், அரை அவுன்ஸுக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1851ல் முன்கூட்டியே காசு கட்டினால் 3000 மைல் வரை 3 சென்ட். 1883ல் 2 சென்ட், 1885லிருந்து அதே 2 சென்டுக்கு ஒரு முழு அவுன்ஸ். ஹோம்ஸ்டெட் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் வந்த காலமும் தபால் மலிவான காலமும் ஒன்றாக அமைந்தன. கூடவே 1869 மே 10 அன்று கண்டம் கடந்த ரயில் பாதை முடிந்தது. ஓடும் ரயிலிலேயே தபாலைப் பிரித்து அடுக்கும் ஏற்பாடு 1864லிருந்தே இருந்தது.

கடல் கடந்த கடிதம் வேறு கதை. பிரிட்டனுக்கு 1867 கடைசி வரை அரை அவுன்ஸுக்கு 24 சென்ட். 1868ல் 12, 1870ல் 6. அப்புறம் 1874ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு, 1875லிருந்து உறுப்பு நாடுகள் எதற்கு அனுப்பினாலும் 5 சென்ட். ஒரு நார்வேக்காரக் குடியானவனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ரயில் நிலையம் வரைக்கும்தான் வேகம். அதற்குப் பிறகு ஏதோ ஒரு விவசாயி வீட்டு முன்னறையிலோ மளிகைக் கடை மூலையிலோ இருக்கும் தபால் நிலையத்துக்கு வாரம் ஒரு முறை மூட்டை வரும். 1901ல் நாடு முழுக்க 76,945 தபால் நிலையங்கள் இருந்தன, அதுதான் உச்சம். அங்கே போய்க் கேட்டு வாங்க வேண்டும். வராதவர்கள் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் பட்டியல் போடுவார்கள். அப்படியும் யாரும் வராவிட்டால் கடிதம் வாஷிங்டனில் உள்ள, உரியவரிடம் சேராத கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போய்விடும்.

தேன்மொழி

அஞ்சல்_பிரியன் சார், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அந்த உறைகளுக்குள்ளே என்ன இருந்தது என்பதை நான் சொல்கிறேன். வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடும் இடம் அது.

எழுதியது பெரும்பாலும் பெண்கள். நில விலை, கோதுமை விளைச்சல் பற்றி ஆண்களும் எழுதினார்கள். ஆனால் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் காய்ச்சலில் போனார், அத்தையின் கை வலி எப்படி இருக்கிறது, இதையெல்லாம் வருடக்கணக்கில் விடாமல் எழுதிச் சொந்தத்தைக் கட்டி வைத்தவர்கள் மனைவிகளும் அக்கா தங்கைகளும்தான். பகலில் முடியாது, பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில். சிலர் ஒரே கடிதத்தை வாரக்கணக்கில் எழுதினார்கள், ஊருக்குப் போகும் வண்டி கிடைக்கும் வரை.

புதுப் பாவாடை தைத்தால் அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைப்பார்கள், அக்கா தொட்டுப் பார்க்கட்டும் என்று. குழந்தையின் தலைமுடி ஒரு சுருள், உலர்த்திய பூ, காய்கறி விதை, பூ விதை. அம்மா வீட்டுத் தோட்டத்து விதையை ஆயிரம் மைல் தள்ளி விதைத்து, முளைத்ததா என்று பதில் எழுதுவார்கள். புறப்படும்போதே உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரம் தைத்து, அதில் தங்கள் பெயரை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வையாகக் கொடுத்தனுப்பும் பழக்கமும் 1840களிலேயே பரவியிருந்தது. அந்தப் போர்வையைச் சாதாரண நாளில் யாரும் போர்த்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவர்கள் எல்லாவற்றையும் எழுதவில்லை. நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886லிருந்து வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார். அதில் ஹில்டன் குடும்பத்தின் படம் பிரபலமானது. வெட்டவெளியில் கால்நடைகளுக்கு நடுவே ஆர்கன் என்ற இசைப்பெட்டி, அதைச் சுற்றிக் குடும்பம். வீடு படத்தில் இல்லை. கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் படம் அது, தாங்கள் மண் வீட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாம், ஆனால் ஆர்கன் வாங்கியிருப்பது தெரிய வேண்டும் என்று அந்த அம்மா விரும்பினார். அதனால் அவ்வளவு கனமான ஆர்கனை வெளியே தூக்கி வந்து வைத்து, படம் எடுத்ததும் மறுபடி உள்ளே தூக்கிப் போனார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அம்மாவுக்கு மனசு கலங்கக் கூடாது என்று நினைத்த மகள்தான் அதில் எனக்குத் தெரிகிறாள்.

கொங்கு_வெள்ளாமை

தேன்மொழி அக்கா, நீங்கள் சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கஷ்டத்தை மறைத்து எழுதிய கடிதத்தை நம்பித்தானே அடுத்த தம்பியும் மூட்டை கட்டினான்? அதோடு 1874ல் என்ன ஆனது? ஜூலை ஆகஸ்டில் வெட்டுக்கிளி வந்து டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை வயலை மொட்டையடித்தது. பயிர் மட்டுமில்லை, கொடியில் காய்ந்த துணி, குதிரைச் சேணம், வியர்வை உப்பு படிந்த மண்வெட்டிப் பிடி வரைக்கும் அரித்தது. அந்த நேரத்தில் உறவு என்ன செய்தது?

லிங்கன்வாசி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்று பாருங்கள். கிழக்கு மாநிலங்களிலிருந்து ரயிலில் பீப்பாய் பீப்பாயாகத் துணி, உலர் பழம், பீன்ஸ், மாவு வந்தது. சர்ச்சுகளும் நிவாரணக் குழுக்களும் அனுப்பியவை உண்டு, நேராகச் சொந்தக்காரர்கள் அனுப்பியவையும் உண்டு. அரசும் உதவியது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கியது, ராணுவக் கிடங்கிலிருந்து கோட்டும் பூட்ஸும் போர்வையும் கொடுத்தார்கள். ஆனால் நிவாரணக் குழு வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது, இங்கே நிலைமை இப்படி என்று. அதை எழுதவும் எத்தனையோ பேர் கூச்சப்பட்டார்கள். எழுத முடியாமல், வண்டியைத் திருப்பிக்கொண்டு மனைவியின் தகப்பன் வீட்டுக்கே போனவர்களும் உண்டு. திரும்பிப் போக ஒரு வீடு இருந்ததும் உறவு செய்த உதவிதானே?

அப்புறம் பக்கத்து நிலத்துக்காரன் என்றீர்களே, அவன் யார்? பல இடங்களில் அவன் மச்சான், தம்பி, ஒரே கிராமத்துக்காரன். முதலில் வந்தவன் கடிதம் போடுவான்: என் கிழக்கு எல்லையை ஒட்டிய கால்சதுர மைல் காலியாக இருக்கிறது, சீக்கிரம் வா என்று. அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் அடுத்தடுத்த நிலத்தைப் பதிந்து, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, அவரவர் கட்டிலை அவரவர் நிலத்துப் பக்கம் போட்டுக்கொண்டதும் நடந்தது. அவரவர் நிலத்தில் குடியிருக்க வேண்டும் என்பதுதானே சட்டம்.

நார்வே, ஸ்வீடன் பக்கம் இது இன்னும் பலமாக நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை ஊரே கூடிக் கேட்டது, கையால் நகல் எடுத்துப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். கடிதத்தோடு கப்பல் டிக்கெட்டும் வரும், இங்கேயே காசு கட்டி வாங்கி அனுப்பியது. 1825லிருந்து நூறு வருடத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களில் ஏராளமானோர் அண்ணனோ மாமனோ அனுப்பிய டிக்கெட்டில் வந்தவர்கள்.

பழைய_ஏடு

எல்லோரும் முகவரி தெரிந்த உறவுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். முகவரி தெரியாதவர்களையும் இந்த இழையில் சேர்க்க வேண்டும்.

1877ல் கான்சஸில் நிகோடெமஸ் என்ற ஊர் உருவானது. கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள், அடிமைத்தளை போய்ப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வந்து பார்த்தால் வீடே இல்லை, தரையிலிருந்து புகை வருகிறது, அங்கங்கே குழி தோண்டி அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, அடுத்த நாளே திரும்பியவர்களும் உண்டு. முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடி மக்கள் இவர்களுக்குத் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள்.

இவர்களின் தலைமுறைக்கு உறவு என்பதே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருந்தது. அம்மாவை ஒரு மாநிலத்துக்கும் பிள்ளைகளை வேறு மாநிலங்களுக்கும் விற்றிருப்பார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் என்ற பத்திரிகை 1879லிருந்து தொலைந்த உறவுகளைத் தேடுவோருக்கென்றே ஒரு பத்தி நடத்தியது. கட்டணம் 50 சென்ட், சந்தாதாரர்களுக்கு இலவசம். போதகர்கள் அதைப் பிரசங்க மேடையில் நின்று வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியாக யார் வைத்திருந்தார், யாரிடம் விற்றார், அண்ணன் பெயர் என்ன, அப்போது எனக்கு என்ன வயது, இவ்வளவுதான் அந்த விளம்பரங்கள். படித்தால் தூக்கம் வராது. நியூ ஆர்லியன்ஸில் உள்ள வரலாற்று ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

1880களின் கடைசியில் ரயில் பாதை நிகோடெமஸைத் தொடாமல் தள்ளிப் போனது, ஊர் சுருங்கியது. ஆனால் வெளியே போன குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் ஒவ்வொரு வருடமும் ஜூலைக் கடைசியில் அங்கே ஒன்றுகூடுகிறார்கள். 1996லிருந்து அது தேசிய வரலாற்றுத் தலம்.

முல்லைநிலம்

நானும் ஒன்று சேர்க்கிறேன். காலி நிலம் என்று யாரும் இங்கே எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்கும். டகோட்டாவில் 1889ல் லகோட்டா பழங்குடி மக்களுக்கென ஒதுக்கியிருந்த பெரிய நிலத்தைத் துண்டாடி, ஏறக்குறைய 90 லட்சம் ஏக்கரைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

அதே புல்வெளியிலிருந்து வேறு திசையிலும் கடிதம் போனது. 1879ல் பென்சில்வேனியாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் விடுதிப் பள்ளி தொடங்கியபோது முதலில் கொண்டுபோனது ரோஸ்பட், பைன் ரிட்ஜ் என்ற லகோட்டா ஒதுக்கீட்டுப் பகுதிகளின் பிள்ளைகளை. தாய்மொழியில் பேசத் தடை, வீட்டுக்குக் கடிதம் ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரியாத பெற்றோர் ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போய் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பள்ளியின் கண் வழியாகத்தான் எல்லாம் போய் வந்தது, பிள்ளையின் மனசு அதில் எவ்வளவு இருந்திருக்கும்? அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகள் பலர். ரோஸ்பட்டைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகளின் எலும்புகள் 2021ல்தான் ஊர் திரும்பின. குடியேறிகளின் கடிதங்களைப் படிக்கும்போது இவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

லிங்கன்வாசி

முல்லைநிலம், முழுக்க உடன்படுகிறேன். இது இந்த இழையில் இருக்க வேண்டியதுதான்.

அஞ்சல்_பிரியன்

பிற்காலத்தையும் எழுதிவிடுகிறேன். 1896 அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவில் மூன்று ஊர்களிலிருந்து பண்ணை வீட்டுக்கே தபால் கொண்டுபோகும் சேவையைச் சோதனையாகத் தொடங்கினார்கள், 1902ல் நிரந்தரமானது. மக்கள் பன்றிக்கொழுப்பு டப்பாவையும் சிரப் டப்பாவையும் கம்பத்தில் மாட்டித் தபால் பெட்டி ஆக்கினார்கள். சாலை மோசமாக இருந்தால் சேவை கிடையாது என்பதால் ஊர்க்காரர்களே கூடிச் சாலையைச் சீர் செய்தார்கள். 1913 ஜனவரி 1 முதல் பார்சல் தபால். தொலைபேசிக் காப்புரிமை 1890களில் காலாவதியானதும் விவசாயிகள் சேர்ந்து சொந்தமாக இணைப்பு அமைத்தார்கள், சில இடங்களில் முள்வேலிக் கம்பியையே கம்பித்தடமாகப் பயன்படுத்தினார்கள். ஒரே தடத்தில் பல வீடுகள், மணி அடிக்கும் கணக்கை வைத்து யாருக்கு அழைப்பு என்று தெரியும், எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள்.

ஆனால் இதெல்லாம் பக்கத்து ஊர் வரைக்கும்தான். வெளி மாநிலத்துக்குப் பேச அதிகச் செலவு. தூரத்து உறவுக்குக் கடிதமே நீடித்தது.

தேன்மொழி

அந்தத் தடத்தில் எல்லோரும் ஒட்டுக்கேட்டார்கள் என்று குறையாகச் சொல்வார்கள். மைலுக்கு ஒரு வீடு இருக்கும் இடத்தில், பனிக்காலத்தில், இன்னொரு பெண்ணின் குரல் கேட்பதற்காக எடுத்துக் காதில் வைத்தவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதுவரவு_22

எல்லாப் பதிவுகளையும் ஒரே மூச்சில் படித்தேன். என் மகள் ஒமாஹாவில் எட்டாம் வகுப்பு, இதே தலைப்பில் பள்ளியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அந்த ஆர்கன் படத்தை எங்கே பார்க்கலாம்? உறவுக்காரர்கள் அடுத்தடுத்து நிலம் பிடித்தார்கள் என்பதை அவளே ஆவணத்தில் பார்க்க வழி இருக்கிறதா?

லிங்கன்வாசி

இருக்கிறது. புட்சரின் கண்ணாடித் தகடுகள் லிங்கனில் உள்ள மாநில வரலாற்று அமைப்பில் இருக்கின்றன, மூவாயிரத்துக்கும் மேல். பலவற்றை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நில ஆவணங்களுக்கு ஹோம்ஸ்டெட் பூங்காவுக்கே கூட்டிப் போங்கள், நெப்ராஸ்காவின் பட்டாக் கோப்புகளை எண்ணிம வடிவில் அங்குள்ள கணினியில் தேடலாம். ஒவ்வொரு கோப்பிலும் வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உடைத்தார்கள், கிணறு உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் எழுதியிருக்கும். இவர் ஐந்து வருடம் குடியிருந்தது உண்மை என்று இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் சாட்சி சொன்ன தாளும் இருக்கும். உங்கள் மகளை முதலில் அந்தச் சாட்சிகளின் குடும்பப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அதே பெயரில் பக்கத்து நிலங்களைத் தேடச் சொல்லுங்கள். மதியத்துக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு, தேடுவதற்கு அங்குள்ள ஊழியர்கள் கூட உட்கார்ந்து உதவுவார்கள்.